அம்மா அதே அறையில்தான் இருந்தார்: லாரி நாசர் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தொடுதல் பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு விதிவிலக்கையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறோம். "உள்ளாடை மறைக்கிற இடத்தை யாரும் தொடக் கூடாது. டாக்டர் தொடலாம், அதுவும் அம்மா பக்கத்துல இருந்தா மட்டும்." பள்ளியில் நடக்கும் குட் டச், பேட் டச் வகுப்பிலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். என் மகளுக்கு நானும் இப்படித்தான் சொல்லி வளர்த்தேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசரின் வழக்கை உட்கார்ந்து முழுதாகப் படித்த பிறகுதான் அந்த வாக்கியத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று புரிந்தது.

சிகிச்சை என்ற பெயரில் தன்னிடம் வந்த பெண் பிள்ளைகளிடம் அவன் செய்த பாலியல் அத்துமீறலை விவரமாக எழுதப் போவதில்லை. அவனைப் பற்றி யார் யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் வரிசையாகப் பார்க்கப் போகிறேன்.

அறைக்குள்

2000ஆம் ஆண்டு, மிச்சிகன் மாநிலம். 15 வயதுப் பெண் ஒருத்தி முதுகுவலியோடு நாசரிடம் வருகிறாள். ஊர்க் கிளப்பில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிற பெண். டாக்டரோ தேசிய அணியின் மருத்துவ ஒருங்கிணைப்பாளர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கணுக்கால் அடிபட்ட அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக் ஒற்றைக் காலில் நின்று முடித்த காட்சியை உலகமே பார்த்தது. அவரைத் தாங்கி அழைத்துப் போனவர்களில் இந்த டாக்டரும் உண்டு. அப்படி டிவியில் பார்த்த ஒருவர் நம் பிள்ளையைப் பார்க்கிறார் என்றால் எந்த வீட்டிலும் அதைப் பாக்கியமாகத்தான் நினைப்பார்கள்.

அம்மா கூடவே வந்திருந்தார். சிகிச்சை மேசையில் மகள், சில அடி தள்ளி அம்மா. கதவு சாத்தியிருக்கிறது. டாக்டர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறான். மேலே ஒரு துண்டு. அம்மாவுக்குத் தெரிவது மகளின் தலையும் முதுகும் மட்டும். ஒரு கை எல்லோரும் பார்க்கும்படி முதுகை அழுத்துகிறது. இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று மகளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கையுறை இல்லை. என்ன செய்யப் போகிறேன் என்ற விளக்கம் இல்லை. சம்மதம் கேட்கவில்லை. வாய் மட்டும் அம்மாவிடம் சகஜமாகப் பேசிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பெண்தான் ரேச்சல் டென்ஹாலண்டர். பின்னாளில் வழக்கறிஞர் ஆனவர், நாசர் மேல் முதன்முதலாகப் பெயரோடும் முகத்தோடும் பத்திரிகையில் குற்றம் சாட்டியவர்.

அன்று அந்த மேசையில் அவர் மனதில் ஓடிய கணக்கைப் பிற்பாடு கோர்ட்டில் சொன்னார். இந்த டாக்டர் இதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்கிறவர் போலத் தெரிகிறது. இவரிடம் எத்தனையோ பெண்கள் வந்திருப்பார்கள். இது தப்பாக இருந்தால் யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் பெரியவர்கள் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தவில்லை என்றால் இது வைத்தியமாகத்தான் இருக்க வேண்டும், கோளாறு என்னிடம்தான். ஒரு 15 வயதுப் பிள்ளை இதைவிட ஒழுங்காக யோசிக்க முடியாது. கணக்கில் ஒரே ஒரு இடம்தான் தப்பு. யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் நிறுத்தவில்லை.

கூப்பிட்டு விசாரித்தார்கள்

1997. அதே பல்கலைக்கழக வளாகத்தில் சிறுவர்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி. 16 வயதுப் பெண்ணும் அவளைவிட இளைய இன்னொரு பெண்ணும் தலைமைக் கோச்சிடம் போய், டாக்டரின் சிகிச்சை தங்களுக்குச் சரியாகப் படவில்லை என்று சொல்கிறார்கள். கோச் ஒரு பெண். நாசரைப் பல வருடங்களாகத் தெரிந்தவர். மூத்த பெண் பின்னாளில் கோர்ட்டில் சொன்னபடி, கோச் ஒரு தாளைக் கையில் தூக்கிக் காட்டி, இதை எழுத்தில் பதிய முடியும், ஆனால் பதிந்தால் உனக்கும் டாக்டருக்கும் பெரிய விளைவுகள் வரும் என்றாராம்.

தாளில் எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் விஷயம் டாக்டருக்குப் போய்விட்டது. அடுத்த முறை அந்தப் பெண் சிகிச்சைக்கு வந்தபோது அவன் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். கோச் என்னிடம் பேசினார் என்றான். அவள் கூனிக் குறுகிப் போய், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் அந்த மேசை மேல் ஏறிப் படுத்தாள்.

வழக்கில் இந்த இடத்தைத்தான் நான் பல தடவை திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஸ்டூல், சாத்திய கதவு, மன்னிப்புக் கேட்கிற 16 வயதுப் பெண். (அந்தக் கோச், 1997இல் தனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று போலீஸாரிடம் பொய் சொன்னதாக 2020இல் தண்டிக்கப்பட்டார், 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.)

"அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன்." நம் ஊர் ஹெட்மாஸ்டரில் இருந்து குடும்பத்துப் பெரியவர் வரை எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டாமா? ஆனால் இந்த விஷயத்தில் 'கூப்பிட்டு விசாரிப்பது' என்றால் குழந்தை இன்னது சொன்னது என்ற தகவலைக் கொண்டுபோய், யாரைப் பற்றிச் சொன்னதோ அவன் கையிலேயே கொடுப்பது. அவனுக்கு முன்னெச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. குழந்தைக்கோ, இனி வாயைத் திறக்கக் கூடாது என்ற பாடம் கிடைத்துவிடுகிறது. நாசர் வழக்கில் இது ஒருமுறை நடந்து முடிந்த சம்பவமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. அடுத்தடுத்த வருடங்களில் அதே பல்கலைக்கழகத்தின் வேறு விளையாட்டு வீராங்கனைகள் அணியின் பயிற்சி உதவியாளர்களிடம் சொன்னார்கள். அவர் ஒலிம்பிக் டாக்டர் ஆயிற்றே, அவர் செய்வது வைத்தியம்தான் என்று பதில் வந்தது.

நல்லவன் என்ற பெயர்

நாசர் சிடுமூஞ்சி கிடையாது. எல்லோருக்கும் பிடித்த ஆள். தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்கு அவன் சம்பளம் வாங்காத தொண்டனாக வேலை செய்தான். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான், வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்வான். பெற்றோர் அவனுக்கு நன்றிக்கடன் பட்டிருந்தார்கள். நன்றிக்கடன் பட்டவரிடம் கேள்வி கேட்க நாக்கு எழாது.

டெக்சாஸில் காட்டுக்கு நடுவே கரோலி பண்ணை என்று ஓர் இடம். தேசிய அணிப் பெண்களுக்கு அங்கேதான் முகாம். பெற்றோர் தங்கக் கூடாது. செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. கோச்சுகள் கண்டிப்பானவர்கள், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் பெண்கள் சாப்பாட்டுக்கே தயங்குவார்கள். அந்த இடத்தில் சிரித்த முகத்தோடு பேசி, யாருக்கும் தெரியாமல் மிட்டாயும் தின்பண்டமும் கொடுத்த ஒரே பெரியவன் நாசர்.

முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். இங்கே மிட்டாய் கொடுத்தவன் தெரிந்தவன், படித்தவன், அணியின் பெயர் பொறித்த சட்டை போட்டவன். பசியோடு இருந்த பிள்ளைக்கு அது உண்மையிலேயே அன்பாகத்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பெண்களில் பலருக்கு, அவன் செய்தது குற்றம் என்று ஒப்புக்கொள்வதே ஒரு துக்கமாக இருந்தது. தங்களிடம் கரிசனமாக இருந்த ஒரே ஆளையும் சேர்த்து இழக்க வேண்டியிருந்தது.

2004இல் இரண்டு வாசல்கள்

ஒரே வருடத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள். ஒன்று காவல் நிலையத்தில், மற்றது வீட்டுக்குள்.

முதுகெலும்பு வளைவுக்காக நாசரிடம் போன 17 வயதுப் பெண், தன் அம்மாவோடு மெரிடியன் டவுன்ஷிப் போலீஸுக்குப் போய்ப் புகார் கொடுக்கிறாள். நேராகப் போலீஸுக்கே போய்விட்டாள் என்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல் ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும்? போலீஸ் நாசரை அழைத்து விசாரித்தது. அவன் ஒரு பவர்பாயிண்ட் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். இடுப்பு எலும்பு, தசைநார், லத்தீன் பெயர்கள், படங்கள். அவன் சொன்னதைப் போலீஸ் அப்படியே ஏற்றுக்கொண்டது. வேறொரு டாக்டரைக் கேட்கவில்லை. அரசு வழக்கறிஞருக்குக் கோப்பை அனுப்பவில்லை. புகாரை மூடிவிட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இது: அந்தப் போலீஸ்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குப் புரியாத மொழியில் பேசும் படித்த மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம். ஆஸ்பத்திரியில் நமக்கும் இது நடக்கிறது. டாக்டர் சொல்வது பாதி புரியாது. ஆனாலும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பக்கத்தில் இருப்பவரிடம் கேட்போம். வேறொரு எலும்பு மருத்துவரிடம், பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கையுறையும் விளக்கமும் இல்லாமல் இப்படிச் செய்வது வழக்கமா என்று கேட்டிருந்தால் அந்தக் கோப்பு மூடியிருக்காது. 2004இல் மூடிய கோப்புக்கும் அவன் கைதாவதற்கும் நடுவில் 12 வருடங்கள்.

இரண்டாவது சம்பவம் நாசரின் குடும்ப நண்பர் ஒருவரின் மகளுடையது. இதில் வைத்தியம் என்ற சாக்கே கிடையாது. சிறு குழந்தையாக இருந்தபோதே தொடங்கியதை, 12 வயதில் அந்தப் பெண் தன் பெற்றோரிடம் சொல்லிவிட்டாள். பெற்றோர் நாசரிடமே போய்க் கேட்டார்கள். இல்லை என்றான். அவர்கள் நண்பனை நம்பினார்கள். பொய் சொன்னதற்காக அவனிடம் மன்னிப்புக் கேள் என்று மகளை வற்புறுத்தினார்கள். வருடக்கணக்கில் அந்த வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. தான் எவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டோம் என்று அந்த அப்பாவுக்குத் தெரிய வந்தது. 2016இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2018 ஜனவரி 16 அன்று கோர்ட்டில் முதல் ஆளாக எழுந்து நின்று பேசியது அந்த மகள்தான்.

பிள்ளை சொன்னதை நம்பாமல் போவது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. 20 வருட நண்பனை ஒரு நொடியில் சந்தேகப்பட மனசு வராது. ஆனால் அந்த நொடியில் நம்ப வேண்டுமா வேண்டாமா என்று பெற்றோர் தீர்ப்புச் சொல்லத் தேவையே இல்லை. "நீ சொன்னது நல்லதாப் போச்சு, இனிமே அவர்கூட நீ தனியா இருக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துவிடலாம்.

தாளில் மட்டும் இருந்த நிபந்தனைகள்

2014இல் பல்கலைக்கழகத்தில் ஒரு புகார். கொடுத்தது அங்கேயே படித்து முடித்த பெண். இம்முறை முறைப்படி விசாரணை நடந்தது. ஆனால் இது வைத்தியமா இல்லையா என்று சொல்லக் கூப்பிட்ட நிபுணர்கள் எல்லோரும் அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள், நாசருக்குத் தெரிந்தவர்கள். தவறில்லை என்று முடிவானது.

சில நிபந்தனைகள் போட்டார்கள்: அப்படிப்பட்ட சிகிச்சையின்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், தோலோடு தோல் படுவதைக் குறைக்க வேண்டும். நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் அவை நடைமுறைக்கு வருகின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கே அப்படி நிபந்தனைகள் இருப்பது தெரியாது. பார்த்திருக்க வேண்டிய கல்லூரி டீன், கடமையைச் செய்யத் தவறியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2019இல் ஒரு வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஐந்து வாரமும் பதினான்கு மாதமும்

2015 ஜூன் மாதம் கரோலி பண்ணையில் தேசிய அணி வீராங்கனை மேகி நிக்கோல்ஸ் இன்னொரு வீராங்கனையோடு பேசிக்கொண்டிருக்கிறார். டாக்டர் உனக்கும் இப்படிச் செய்கிறாரா என்று கேட்கிறார். அந்தப் பேச்சு அவருடைய கோச் சாரா ஜான்ட்சியின் காதில் விழுகிறது. ஜான்ட்சி நாசரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. மேகியின் அம்மாவுக்குச் சொன்னார், யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்கும் சொன்னார். 1997க்குப் பிறகு இந்த வரிசையில் தன் வேலையைச் செய்த பெரியவர் என்று நான் மனதாரச் சொல்லக்கூடிய ஒருவர்.

அமைப்பு என்ன செய்தது? ஒரு தனியார் விசாரணையாளரை வைத்து முதலில் தானே விசாரித்தது. ஐந்து வாரம் கழித்து, ஜூலை 28 அன்றுதான் இண்டியானாபொலிஸ் எஃப்பிஐ அலுவலகத்துக்குப் போனது. நாசர் இனிப் போட்டிகளுக்கு வர மாட்டான் என்பதற்கு வெளியில் வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. செப்டம்பரில் அவன் தானே ஓய்வு பெறுவதாக அறிவித்துக்கொண்டான். அவன் வேலை பார்த்த பல்கலைக்கழகத்துக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே தினமும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

எஃப்பிஐயின் கதை இன்னும் வேதனை. 2021 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் அலுவலகம் ஒரே ஒரு வீராங்கனையிடம், அதுவும் போனில் பேசியது. அவர் சொன்னதை 17 மாதம் கழித்துத்தான் எழுத்தில் பதிந்தது, அதிலும் அவர் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னதாக எழுதியது. வழக்கு மிச்சிகனுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தும் அங்கே அனுப்பவில்லை, உள்ளூர் போலீஸுக்கும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தின் தலைவர் இதே காலத்தில், ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் தலைவரோடு ஒலிம்பிக் கமிட்டியில் தனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்.

புகார் போன 2015 ஜூலைக்கும் விஷயம் வெளியே வந்த 2016 செப்டம்பருக்கும் நடுவே சுமார் 14 மாதம். சிவில் வழக்கு ஆவணங்களைக் காட்டி அந்த அறிக்கை சொல்வது: அந்த இடைவெளியில் மட்டும் சுமார் 70 அல்லது அதற்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். சொன்ன பிறகு. தேசத்தின் உயர்ந்த புலனாய்வு அமைப்பிடமே சொன்ன பிறகு. 2021 செப்டம்பர் 15 அன்று சிமோன் பைல்ஸ், ஆலி ரெய்ஸ்மன், மெக்கேலா மரோனி, மேகி நிக்கோல்ஸ் நான்கு பேரும் செனட் குழுவின் முன் உட்கார்ந்து இதைத்தான் சொன்னார்கள். பைல்ஸ் கண்ணீரோடு பேசினார். நாசரைக் குற்றம் சொன்ன அதே மூச்சில், இதற்கு இடம் கொடுத்த முழு அமைப்பையும் குற்றம் சொன்னார்.

எப்படித்தான் பிடிபட்டான்

2016 ஆகஸ்ட் 4. இண்டியானாபொலிஸ் ஸ்டார் பத்திரிகை, கோச்சுகள் மேல் வந்த புகார்களை யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் போலீஸுக்கு அனுப்பாமல் கோப்பில் போட்டு வைத்திருந்தது பற்றி ஒரு செய்தி வெளியிட்டது. அதில் நாசர் பெயரே கிடையாது. ரேச்சல் டென்ஹாலண்டர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கே பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: என்னைத் துன்புறுத்தியது கோச் இல்லை, டாக்டர். ஆகஸ்ட் 29 அன்று பல்கலைக்கழகப் போலீஸில் புகார் கொடுத்தார்.

அவர் கையில் கொண்டுபோனவற்றைப் பாருங்கள். பழைய மருத்துவப் பதிவேடுகள். அந்த வகைச் சிகிச்சை உண்மையில் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று விளக்கும் மருத்துவக் கட்டுரைகள். 2004இல் ஒரு செவிலியரிடம் அவர் இதைச் சொன்னதற்கான எழுத்துப் பதிவு. 2004இல் நாசரின் பவர்பாயிண்ட்டுக்கு முன்னால் போலீஸ் திகைத்து நின்றது அல்லவா, அதற்கான பதிலை 31 வயதுப் பெண் ஒருவர் தானே படித்துத் தயார் செய்துகொண்டு வந்தார். பாதிக்கப்பட்டவரே இத்தனை பாரத்தையும் சுமக்க வேண்டியிருந்தது பெரிய அநியாயம்.

இந்த முறை புகாரை வாங்கிய துப்பறிவாளர் ஆண்ட்ரியா மன்ஃபோர்ட் அதை மூடவில்லை. செப்டம்பர் 12 அன்று பத்திரிகைச் செய்தி வந்ததும் போன் மேல் போன். எட்டு நாளில் பல்கலைக்கழகம் அவனை வேலையை விட்டு நீக்கியது. வீட்டைச் சோதனை போடப் போன அன்று குப்பை வண்டி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்திருக்கிறது. அதனால் வாசல் குப்பைத் தொட்டியில் அவன் போட்டிருந்த ஹார்ட் டிஸ்க்குகள் போலீஸ் கையில் சிக்கின. குழந்தைகளின் ஆபாசப் படங்கள், சுமார் 37,000. இதற்கு முன் அவனுக்காகப் பரிந்து பேசிய பலர் அதற்கு அப்புறம்தான் வாயை மூடினார்கள். இத்தனை பெண்கள் வாய்விட்டுச் சொன்னது போதவில்லை, ஒரு குப்பை வண்டி தாமதமாக வர வேண்டியிருந்தது.

அந்தப் படங்களுக்காக மத்திய நீதிமன்றம் 2017 டிசம்பரில் 60 வருடம் கொடுத்தது. 2018 ஜனவரியில் லான்சிங்கில் நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா, பேச விரும்புகிற எல்லோரும் பேசலாம் என்றார். நான்கு நாள் என்று தொடங்கியது ஏழு நாள் நீண்டது. ஒருவர் பேசுவதைக் கேட்டுத் துணிச்சல் வந்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர் என்று 156 வாக்குமூலங்கள். கடைசியாகப் பேசியது டென்ஹாலண்டர். ஜனவரி 24 அன்று 40 முதல் 175 வருடம் வரை தண்டனை. பல்கலைக்கழகத் தலைவர் அன்றிரவே பதவி விலகினார். பிறகு இழப்பீடுகள் வந்தன: பல்கலைக்கழகம் 50 கோடி டாலர், ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பும் ஒலிம்பிக் கமிட்டியும் சேர்ந்து 38 கோடி, எஃப்பிஐயின் தவறுக்காக 2024இல் நீதித்துறை 13.87 கோடி.

இந்த வழக்குக்குப் பிறகு 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. விளையாட்டு அமைப்புகளில் இருக்கும் பெரியவர்கள் சந்தேகம் வந்த 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கும் சந்தர்ப்பங்களுக்கும் கட்டுப்பாடு: வேறொருவர் பார்க்கும்படியும், எந்த நேரமும் குறுக்கே வரும்படியும் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டாவது பகுதி. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கண்டுபிடிக்கும் வேலையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து வை என்கிறது, அவ்வளவுதான்.

நம் சட்டத்தில் இருப்பது

இதைப் படிக்கிற பெற்றோர், நம் ஊரில் என்ன என்று கேட்பீர்கள். 2012இன் போக்சோ சட்டத்தில் 19ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. நிறுவனத்துக்குப் பொறுப்பானவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் மேல் வந்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. போலீஸ், டாக்டர், ஆசிரியர் போன்ற பொறுப்பில் இருப்பவர்கள் செய்தால் குற்றம் இன்னும் கடுமையானதாகக் கருதப்படும்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்கு 24ஆம் பிரிவு: குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடிய வரையில் சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. உள்ளுக்குள்ளேயே ஒரு கமிட்டி வைத்துக் கூப்பிட்டு விசாரித்துக்கொள்ளலாம் என்று 19ஆம் பிரிவு எங்கேயும் சொல்லவில்லை. ஒரு பள்ளியோ பயிற்சி மையமோ அப்படிச் சொன்னால், சட்டம் என்ன சொல்கிறது என்பதை எழுத்திலேயே கேட்கலாம்.

வீட்டில் நான் மாற்றிக்கொண்டது ஒரு வாக்கியம்தான். 'அம்மா பக்கத்தில் இருந்தால் டாக்டர் தொடலாம்' என்பதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "டாக்டரா இருந்தாலும் என்ன பண்ணப் போறார்னு முதல்ல சொல்லணும், உனக்குப் புரியலைன்னா கேளு, கஷ்டமா இருந்தா நிறுத்தச் சொல்லு, நான் கூட இருந்தாலும் எனக்குத் தெரியாம போகலாம், அதனால வாயைத் திறந்து சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தேன். கடைசித் துண்டைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், தெரியாமல் போகலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

போன மாதம் கபடிப் பயிற்சியில் அவளுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி ஒருவர். நாற்காலியைச் சுவர் ஓரத்தில் போட்டிருந்தார்கள். நான் அதை எடுத்து மேசைக்கு இந்தப் பக்கம், அவர் கைகள் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டேன். "என்ன பண்ணப் போறீங்க தம்பி, அவகிட்டயும் சொல்லிடுங்களேன்" என்றேன். கேட்கும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தில் அந்தத் தசையைத் தொட்டுக் காட்டி, எங்கே தொடங்கி எங்கே வரை அழுத்துவேன் என்று அவளிடமே விளக்கினார். திரைச்சீலையைப் பாதி திறந்து விட்டார். "ஆரம்பிக்கலாமா பாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. "கொஞ்சம் இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, போர்வையை முட்டி வரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம், இப்போ சரி" என்றாள்.